சோளகம் எழும்பாத வருடம்

நாரிப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதை வாசிக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சோளகம் எழும்பாமல் போன அந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். குண்டு விழுந்தது ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். காற்று வரவில்லை என்பதை யார் மனதில் வைத்திருப்பார்கள்! நான் வைத்திருக்கிறேன். விரும்பி வைத்திருக்கவில்லை, அது போகமாட்டேன் என்கிறது.

ஊர் தெரியாத பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: சோளகம் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. வைகாசி பிறந்தால் எழும்பும், ஆவணி வரைக்கும் யாழ்ப்பாணத்தைப் பிடித்து உலுப்பும். காவோலை சடசடக்கும், கொடியில் காயும் உடுப்பு அடுத்த வீட்டு வளவுக்குள் போய் விழும், சோற்றுக்குள் மண் கடிபடும். "அறுந்த காத்து" என்று எல்லோரும் திட்டுவார்கள். அந்த வருடம் திட்டுவதற்குக் காற்று இல்லை. சித்திரை முடிந்தும் விட்டுவிட்டு மழை தூறியது. பிறகு ஓர் இலை அசையாத புழுக்கம். வேர்வை காயாத உடம்போடு பெரியவர்கள் விசிறியும் கையுமாகத் திரிந்தார்கள். பிள்ளைகள் எங்களுக்கு அது புதினமாக இருந்தது.

அம்மாவின் ரோசாக்களுக்கும் புதினம்தான். நேரம் கெட்ட மழையில் மதம் பிடித்ததுபோலத் தளிர் விட்டன. சிவப்புத் தளிர், மினுக்கம். அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை.

கொக்குவிலில், ரயில் ஓடாமல் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத்துக்குக் கிழக்கே எங்கள் ஒழுங்கை. அதில் எங்கள் வீட்டை "ரோசா வீடு" என்றால்தான் தெரியும். படலை திறந்ததும் இடப்பக்கம் முழுவதும் பன்னீர் ரோசா. அம்மா எங்களுக்கு முட்டை அவித்துத் தந்தால் கோதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அடியில் நொறுக்கிப் போடுவார். தேயிலைச் சக்கை, ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அவற்றுக்குத்தான். என் தலையைத் தடவியதைவிட அந்த ரோசாக் கண்டுகளைத் தடவியது கூட என்று இப்போதும் நான் சொல்வேன். இதில் பொய் இல்லை.

அந்தப் பூவுக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. ஒழுங்கை முடிவில் உள்ள அம்மன் கோவிலில் ஆவணியில் கொடியேறும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. எங்கள் திருவிழாவன்று அம்மனுக்குச் சாத்தும் பூ எங்கள் வளவில் பூத்ததாகத்தான் இருக்கும். பாதை பூட்டி, கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராத அந்தக் காலத்தில் பணம் இருந்தாலும் வேறு ரோசா வாங்க இடமில்லை. "எங்கடை திருவிழாவுக்கு எங்கடை பூ" என்பது அம்மாவுக்கு வாக்குப்போல.

அந்த வைகாசியில்தான் மாமி வந்தார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. கலியாணம் முடிக்காதவர். செவ்வாய்க் குற்றம் என்று சாதகம் பார்த்தவர்கள் சொல்லிவிட, பொருத்தம் பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. கீரிமலைப் பக்கம் சனங்கள் வீடு வாசலை விட்டு எழும்பியபோது எழும்பியவர், அங்கே கொஞ்ச நாள், இங்கே கொஞ்ச நாள் என்று இருந்து, கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பன்பை. அதற்குள் உடுப்பும் ஒரு ரோசு நிறச் சவர்க்காரப் பெட்டியும். பெட்டியின் மூடி வெடித்திருந்தது. போவதற்கு அவருக்கு இனி வேறு வீடு இல்லை. அது எனக்கும் தெரியும். "இனி மாமி எங்களோடைதான்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அம்மா முகம் சுளிக்கவில்லை. அநியாயம் சொல்லக்கூடாது. சவர்க்காரம் தங்கமாக இருந்த காலம் அது. அப்பா எங்கோ அலைந்து ஒரு கட்டி கொண்டுவந்தால், அம்மா தையல் நூலைச் சுற்றி இழுத்துத் துண்டு துண்டாக அறுப்பார். மாமி வந்த பிறகு அவருக்கும் சரிபங்குத் துண்டு. உடுப்பு தோய்க்கப் பனம்பழம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனால் மாடு பின்னால் வந்து சப்பும், சிரிக்காதீர்கள், என் பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையை மாடு தின்றிருக்கிறது.

ஆனி நடுவில் ரோசாவில் அது தொடங்கியது. தளிரின் கணுக்களில் மா தூவினதுபோல வெள்ளை. தொட்டால் பிசுபிசுக்கும். மேலும் கீழும் எறும்பு. மொட்டு விரியாமலே கறுத்து விழுந்தது. அம்மா சாம்பல் தூவிப் பார்த்தார், மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். கூடிற்றே தவிரக் குறையவில்லை. ஒருநாள் ஒரு கிளையை முறித்துப் பால்மா பேணிக்குள் போட்டு என் கையில் தந்து, விவசாய வாத்தியாரிடம் காட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அவர் உண்மையில் வாத்தியார் இல்லை. திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தில் வேலை. தோட்டக்காரர்களுக்குப் படிப்பிக்கிற உத்தியோகம் என்பதால் ஒழுங்கையில் அந்தப் பெயர். நான் போனபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பேணிக்குள் பார்த்தார்.

"உது பீடை, பிள்ளை."

"எங்கையிருந்து வந்தது?"

"வெளியிலையிருந்துதான் வரும். எறும்பு ஒரு கண்டிலையிருந்து மற்றக் கண்டுக்குக் காவிக்கொண்டு போகும். சோளகம் எழும்பியிருந்தால் உந்தளவுக்குப் பெருகியிராது. காத்துமில்லை, மழையும் கண்ட நேரத்திலை. பீடைக்குக் கொண்டாட்டம். ஒழுங்கை முழுக்க உதுதான்." பிறகு கேட்டார்: "வீட்டை புதுசா ஏதும் வந்ததோ?"

"ஓம். மாமி வந்தவ."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட விசரி! நான் பூங்கண்டைக் கேட்டனான். சரி, அம்மாட்டைச் சொல்லு. மருந்தொண்டும் இப்ப எடுக்கேலாது. சவர்க்காரத் தண்ணியாலை இலைக்குக் கீழை கழுவோணும். விடாமல் கழுவோணும், விளங்கிச்சோ?"

விளங்கியது என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். அம்மா குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நான் சொன்னது இது: "அம்மா, எங்கடை வீட்டிலை பீடை வந்திட்டுதாம்! வெளியிலையிருந்து வந்ததாம்! வீட்டை புதுசா ஆர் வந்தது எண்டும் கேட்டவர்."

என்ன என்பதை யார் என்று மாற்றினேன். வேண்டுமென்றில்லை. எனக்குத் தெரிந்து வீட்டுக்குப் புதிதாக வந்தது ஒரு ஆள்தான், அதனால் வாயில் அப்படி வந்தது.

எங்கள் வீடுகளில் பீடை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூச்சியை யார் பீடை என்றார்கள்? பூச்சி பூச்சிதான். பீடை என்பது விடியற்காலையில் முகத்தில் விழிக்கக்கூடாத ஒன்று. காலடி வைத்த வீட்டை உருப்படவிடாத ஒன்று. உத்தியோகக்காரர் புத்தகத்துச் சொல்லைச் சொன்னார், நான் அதை வீட்டுச் சொல்லாகக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவின் கையில் சுளகு நின்றது. கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த மாமியை ஒருதரம் பார்த்தார்.

"போதும். கதையாதை. போய்க் காலைக் கழுவு."

கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மாமி தண்ணீர் ஊற்றினார். "வாத்தியார் என்னவாம் குஞ்சு?" என்று கேட்டார். மிச்சத்தை அவரிடம் சொன்னேன். சவர்க்காரத் தண்ணீர், இலைக்குக் கீழே, விடாமல். ஒழுங்கை முழுக்க இதுதான் என்று அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறந்தே போனேன். அடுத்த வீட்டுப் பிள்ளை கெந்தி விளையாடக் கூப்பிட்டாள், போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நல்லது, உண்மை வெளியில் வந்திருக்கும். "மச்சாள், வாசல் முத்தம் நான் கூட்டுறன், நீங்கள் இருங்கோ" என்றார் அம்மா. "கண்டுகளுக்குத் தண்ணி நான் விடுறன்" என்றார். அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது மாமி எதிரில் வந்தால், அப்பாவை மறுபடி உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். மாமி புத்திசாலி. நாலு வீட்டில் ஒண்டியிருந்துவிட்டு வந்தவருக்கு இதெல்லாம் விளங்காதா? அப்பா வீட்டை விட்டுப் போகும்வரை அடுப்படியை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆடியில் இன்னொரு கதை கிளம்பியது. மாமியின் உடுப்பு மட்டுமல்ல, உடம்பும் பனம்பழம் மணந்தது. "சரிபங்கு குடுக்கிறன். அவ பனம்பழத்திலை குளிக்கிறா. சவர்க்காரத்தை ஆருக்குக் குடுக்கிறாவோ, விக்கிறாவோ!" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா பழைய பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "சும்மா இரும்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும். இரண்டு பெண்களுக்கும் நடுவில் எங்கள் அப்பா எப்போதும் பேப்பர்தான் வாசித்தார். ஐயோ, நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்களால் சில நேரம் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒருநாள் காலை, வெளிச்சம் வந்தும் வராததுமான நேரம். அம்மாவின் சத்தத்தில் எழும்பி ஓடினேன். மாமி ரோசாப் பாத்தியில் குந்தியிருந்தார். பக்கத்தில் செம்பு. ஓர் இலையைத் திருப்பிப் பெருவிரலால் தேய்த்த கை அப்படியே நின்றது. அடியில் மண் நுரைத்திருந்தது.

"என்ன மச்சாள் செய்யிறியள் என்ரை கண்டுக்கு?"

"கழுவுறன் மச்சாள். பிள்ளைதான் சொன்னது…"

"மனிசருக்குச் சவர்க்காரம் இல்லை, மரத்துக்கோ? உங்களைக் கும்பிட்டன், கை வையாதேங்கோ! உங்கடை கை பட்டதெல்லாம்…"

மாமி கையை எடுத்தார். நுரையோடு இருந்த இரண்டு கையையும் சேலையில் துடைத்தார். துடைத்துவிட்டு அவற்றைப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கைகள் இருக்கின்றன.

இரண்டொரு நாளில் மாமி தானாகவே அப்பாவிடம் கேட்டார்: "தம்பி, எங்கடை ஊர்ச் சனம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்குதாம். என்னை அங்கை கொண்டுபோய் விடு. தெரிஞ்ச முகங்கள், எனக்கும் பிராக்காய் இருக்கும்." வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. சைக்கிள் கரியரில் பன்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமி இருந்தார். பள்ளிக்கூடம் என்றால் அகதி முகாம். அம்மா படலை வரைக்கும் வந்து, "அடிக்கடி வாங்கோ மச்சாள்" என்றார். மாமி என் கன்னத்தைத் தடவினார். பனம்பழ மணம்.

பீடை போய்விட்டது என்றுதானே நினைப்பீர்கள்? ரோசாவும் போயிற்று. கிழமைக்குக் கிழமை ஒன்றொன்றாகப் பட்டது. திருவிழா நெருங்க அம்மா சாப்பாட்டை விட்டார். கொடி ஏறிவிட்டது, வளவில் ஒரு மொட்டு இல்லை. எங்கள் திருவிழாவுக்கு முதல்நாள் கிணற்றடிக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் எதற்கோ போனவர், "இஞ்சை ஓடியா!" என்று கத்தினார். அங்கே, குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம், ஒரு பன்னீர் ரோசா நின்றது. அம்மாவே நோய்க்கண்டு என்று ஆனியில் பிடுங்கி வீசியது. யாரோ எடுத்து ஊன்றியிருந்தார்கள். இலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை. குலுங்கப் பூத்திருந்தது.

மாலைக்குப் போதாது, அம்மனின் கையில் வைக்க ஒரு செண்டுக்குக் காணும். அன்றிரவு கோவிலில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உந்த வரியத்திலையும் உங்கடை வீட்டிலை ரோசாவோ! குடுத்து வச்சனீங்கள்." அம்மா தலையைக் குனிந்து, "எங்கடை கண்டுதான்" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

இனிச் சில வருடம் தாண்டிப் போகிறேன். எட்டாம் வகுப்பில் விவசாயப் பாடம். ரீச்சர் கேட்டார்: "பீடை எண்டால் என்ன? ஆர் சொல்லுறது?" நான் கையைத் தூக்கினேன். "வீட்டுக்குக் கூடாத ஆக்கள், ரீச்சர்." வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: பயிர்களைத் தாக்கிச் சேதம் விளைவிக்கும் பூச்சி முதலிய உயிர்கள் பீடை எனப்படும். எழுதிக்கொள்ளச் சொன்னார். என் கை எழுதவில்லை. சைக்கிள் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் பேணிக்குள் பார்த்துச் சொன்னது என் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்ப?"

"திருவிழாவுக்கு முதல்நாள், அந்தப் பூவைப் புடுங்கேக்கை. காம்பிடுக்கிலை சவர்க்காரம் காஞ்சு ஒட்டியிருந்தது, மணமும் போகேல்லை."

"அப்ப ஏனம்மா மாமியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"என்னெண்டு போய்ச் சொல்லுறது? 'பீடை எண்டு சொன்னது உங்களையில்லை மச்சாள், பூச்சியை' எண்டோ?"

"நீங்கள் அவவை அப்பிடிச் சொல்லேல்லைத்தானே?"

"சொல்லேல்லை. நடத்தினனான்." இலைக்காம்புகளை வழித்து எறிந்துவிட்டு அம்மா அழுதார். நானும் அழுதேன். காவிக்கொண்டு வந்த எறும்பு நான் அல்லவா?

அந்தக் கிழமையே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். கையில் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி. எதை விற்று வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. வகுப்பறை ஒன்றைச் சேலையால் மறித்து, அந்த மறைப்புக்குள் மாமி இருந்தார். இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பிப் பாயை உதறிப் போட்டார். அம்மா சவர்க்காரத்தை நீட்டினார்.

"தனி ஆளுக்கு முழுக்கட்டி என்னத்துக்கு மச்சாள்?" மாமி சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவினார். எங்கள் வீட்டில் அம்மா அறுப்பதுபோலவே சுற்றி இழுத்துக் கட்டியை இரண்டாக்கினார். ஒரு பாதியை அந்த ரோசு நிறப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடே அம்மாவின் மடியில் வைத்தார். "இது கண்டுகளுக்கு. விடாமல் கழுவோணும் எண்டு பிள்ளை அண்டைக்குச் சொன்னது. நிக்குதோ எல்லாம்?"

ரோசாப் பாத்தியில் அப்போது குண்டுக்கு ஒளிய வெட்டிய எங்கள் பங்கர் இருந்தது. கிணற்றடிக் கண்டையும் அந்த மண்ணை அள்ளிக் கொட்டி மூடியிருந்தோம்.

"ஓம் மச்சாள்," என்றார் அம்மா. "நல்லா நிக்குது. நீங்கள் எங்களோடை வாங்கோவன்."

"இப்ப வேண்டாம். இஞ்சை ரெண்டு கிழவியளைப் பாக்கிறன். வாற திருவிழாவுக்கு வாறன். பூவை ஒருக்காப் பாக்கோணும்."

மாமி வரவில்லை. திருவிழாவுக்கு முன்னம் காய்ச்சல் என்றார்கள். பிறகு வன்னிக்குப் போனார் என்றார்கள். பிறகு எல்லோருமே ஊரை விட்டு எழும்பினோம், யார் எங்கே என்று தெரியாமல் போயிற்று. அந்தச் சவர்க்காரப் பெட்டி அம்மாவின் பைக்குள் வந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பை கைதவறிப் போனது. நகை இருந்ததா என்று பலரும் கேட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. முகாமுக்குப் போய்வந்த அடுத்த நாளைத்தான். அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் வீடு வீடாக ஏறினார். மாமி வருவதற்குள் ஒரு ரோசாத் தடி வாங்கி ஊன்றிப் பூக்க வைத்துவிட வேண்டும். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும்.

முதல் வீட்டுப் பெண் கையை விரித்தார். "ரோசாவோ! எங்கடை எல்லாம் அந்தச் சோளகம் எழும்பாத வரியத்தோடை பட்டுப்போச்சுது அக்கா. வெள்ளைப் பூச்சி. வெளியிலை சொல்ல வெக்கம். உங்கடை மட்டும் நிக்குது எண்டு அம்மன்ரை கையிலை பாத்தம்தானே." அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். மதிலுக்கு உள்ளே ஒவ்வொரு வீடும் தன் வாடலைத் தானே மூடி வைத்திருந்தது. கடைசியில் விவசாய வாத்தியார் வீடு. "தடிக்கு எங்கை போவன்? நான் அப்பவே பிள்ளையிட்டைச் சொல்லி விட்டனானே, ஒழுங்கை முழுக்க உதுதான் எண்டு," என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் படலையில் கை வைத்ததும் நின்றார்.

"எல்லாற்றை வீட்டிலையும்தான் பட்டிருக்குது," என்றார். "அவையள் ஆரை அனுப்பினவை, பிள்ளை?"